தண்ணீரைக் காக்கும் சுரப்புநீரும் சிறுநீரகத்தின் உப்புக் கணக்கும்

(தோட்ட மக்களுக்கான சுகாதாரக் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

இன்று சிறுநீரைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று அறிவித்தவுடனே பின்வரிசையில் சில இளைஞர்கள் சிரித்தது நம் காதில் விழுந்தது. சிரிக்கட்டும். ஆயினும் நம் உடம்பில் எவ்வளவு தண்ணீர் நிற்க வேண்டும், எவ்வளவு உப்பு நிற்க வேண்டும் என்னும் கணக்கு முடிவதெல்லாம் அந்தச் சிறுநீரில்தான். அக்கணக்குப் பிசகினால் நல்ல அறிவுள்ள மனிதரும் பெற்ற பிள்ளையின் பெயரை மறந்துவிடுவார். நாம் நேரில் கண்ட ஒரு நிகழ்ச்சியைச் சொல்லியே தொடங்குகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மூதாட்டியாரை அவருடைய பேரன் மருத்துவமனைக்குத் தூக்கிவந்தார். அந்த அம்மையார் நாற்பதாண்டு காலம் பால்மரம் வெட்டியவர்; ஓய்வு பெற்று மகன் வீட்டில் இருந்தவர். இரண்டு நாட்களாகத் தலைவலி, குமட்டல். பிறகு பேச்சுக் குழறியது. விடிவதற்கு முன்பே எழுந்து, வாளியைக் காணோம், பெரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று வாசலுக்கு ஓடியிருக்கிறார். காற்றுக் கருப்பு பட்டுவிட்டது என்று அண்டை வீட்டார் சொன்னார்கள்; ஒருநாள் அதற்கான சடங்கிலேயே கழிந்தது. மருத்துவமனையில் இரத்தம் எடுத்துப் பார்த்தபோது சோடியம், அதாவது உப்பின் முதற்கூறு, 117 என்று தாளில் வந்தது. நலமுள்ள ஒருவருக்கு அது 135 முதல் 145 வரை இருக்க வேண்டும். ஒரு லிட்டர் இரத்தநீருக்கு இத்தனை மில்லிமோல் என்பது அதன் அளவை. நமக்கு அந்த எண்ணே போதும்.

பேரன் நம்மிடம் வந்து, “ஐயா, பாட்டிக்கு உப்புக் குறைஞ்சிருச்சுன்னு சொல்றாங்க. வீட்டிலேயிருந்து கருவாடும் உப்பு முட்டையும் கொண்டு வரட்டுங்களா?” என்று கேட்டார். அன்புள்ள பிள்ளை, கேட்டதில் தவறும் இல்லை. ஆனால் மருத்துவர் எழுதிவைத்த ஆணை வேறு விதமாக இருந்தது. நாளொன்றுக்கு ஒரு லிட்டர் திரவத்துக்கு மேல் கொடுக்கலாகாது என்பதே அது. உப்புக் குறைந்தவருக்கு ஏன் தண்ணீரைக் குறைக்கிறார்கள்? இந்த ஒரு கேள்விக்கு விடை காண்பதற்காகவே இன்றைய பேச்சு.

விடையின் பாதி உங்கள் கையிலேயே இருக்கிறது. பால் ஸ்டோரில் கிராணியார் மெட்ரோலாக் கருவியைப் பாலில் மிதக்கவிட்டு அளவு பார்ப்பதைக் கண்டவர்கள் நீங்கள். வாளியில் எத்தனை லிட்டர் பால் இருக்கிறது என்பதை அக்கருவி காட்டுவதில்லை. அந்தப் பாலில் நூற்றுக்கு எத்தனை பங்கு காய்ந்த ரப்பர் தேறும் என்பதையே காட்டுகிறது. மழை பெய்து மங்கில் தண்ணீர் சேர்ந்துவிட்டால், ரப்பர் ஒரு துளியும் குறையாமலே கருவியில் விகிதம் இறங்கிவிடும். ரப்பர் குறைந்ததா, தண்ணீர் கூடியதா என்று கருவி பிரித்துச் சொல்லாது. மழை பெய்ததா இல்லையா என்று அறிந்தவரே அதைச் சொல்ல வேண்டும்.

மருத்துவமனைத் தாளில் வரும் சோடியம் எண்ணும் இத்தகைய மெட்ரோலாக் கணக்குத்தான். உடம்பிலுள்ள மொத்த உப்பு எவ்வளவு என்பதை அது கூறுவதில்லை. தண்ணீருக்கு உப்பு என்ன விகிதத்தில் இருக்கிறது என்பதையே கூறுகிறது. ஆகவே அவ்வெண் இறங்கினால், பெரும்பாலும் தண்ணீர் மிகுந்துவிட்டது என்றே முதலில் ஐயுற வேண்டும். உப்பை இழந்ததாலும் அது இறங்கலாம். இரண்டும் சேர்ந்து நடப்பதும் உண்டு. அதைப் பிரித்தறிவது மருத்துவரின் வேலை.

இனிச் சிறுநீரகத்துக்கு வருவோம். மலாயில் புவா பிங்காங் என்றும், நம் வீடுகளில் கிட்னி என்றும் வழங்கும் இவ்வுறுப்புகள் இரண்டு. முதுகுப்புறத்தில், கடைசி விலா எலும்புகளின் அணைப்பில், மூடிய கைப்பிடி அளவில் அமைந்திருக்கின்றன. இவை ஒருநாளில் இரத்தத்திலிருந்து வடித்தெடுக்கும் நீர் ஏறத்தாழ 180 லிட்டர். அந்த நீரோடு வெளிவரும் சோடியத்தைச் சமையலுப்பாகக் கணக்கிட்டால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ! இவ்வளவையும் வெளியே விட்டால் மாலைக்குள் மனிதன் வற்றிப் போவான். எனவே வடித்ததில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் திரும்ப இரத்தத்துக்கே அனுப்பப்படுகிறது. எஞ்சிய ஒன்றரை லிட்டரளவும், நாம் உண்ட உப்பில் தேவைக்கு மிஞ்சியதுமே சிறுநீராகப் போகின்றன.

இந்த வேலையைச் செய்வன பத்து இலட்சம் அளவிலான நுண்குழாய்கள். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் அத்தனை உண்டு. குழாயின் முதற்பகுதியில் உப்பின் மூன்றில் இரு பங்கும், அதனோடு தண்ணீரும் திரும்பிவிடுகின்றன. அடுத்து வரும் வளைந்த பகுதி வியப்புக்குரியது. அதன் ஏறுமுகத்தில் உப்பை மட்டும் இறைத்து வெளியேற்றுவார்கள், தண்ணீரை விடமாட்டார்கள். இதனால் சிறுநீரகத்தின் உட்பகுதி கடல்நீரைப் போல் உப்பேறி நிற்கிறது. ஏன் இப்படி உப்பைச் சேர்த்துவைக்க வேண்டும் என்பது சற்று நேரத்தில் விளங்கும். கடைசியில் இருப்பது சேகரிப்புக் குழாய். அது இந்த உப்பேறிய பகுதிக்குள் இறங்கிச் செல்கிறது. இன்றைய கதையின் நாயகன் வேலை செய்யும் இடம் அதுதான்.

அந்த நாயகன் வாசோபிரெசின் என்னும் ஹார்மோன். தமிழில் நீர்காக்கும் சுரப்புநீர் என்று அழைக்கலாம். மூளையின் அடிப்பகுதியில் உருவாகி, மூக்குக்குப் பின்னால் தொங்கும் பட்டாணி அளவான பிட்யூட்டரி சுரப்பியின் பின்பாகத்திலிருந்து இரத்தத்தில் கலக்கிறது. ஒன்பது அமினோ அமிலங்கள் கோத்த சிறு சரம், அவ்வளவே. அதன் அமைப்பைக் கண்டறிந்து செயற்கையாகவும் ஆக்கிக் காட்டிய வின்சென்ட் டு விக்னோ என்னும் அமெரிக்க அறிஞருக்கு 1955ஆம் ஆண்டு வேதியியல் நோபெல் பரிசு கிடைத்தது.

இது எப்போது சுரக்கிறது? மூளையில் ஒரு மெட்ரோலாக் இருக்கிறது என்று சொன்னால் நம்புவீர்களா? கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெர்னி என்பவர் நாய்களின் கழுத்து இரத்தக் குழாயில் சிறிது உப்புக் கரைசலைச் செலுத்தினார். மூளைக்குச் செல்லும் இரத்தம் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவு செறிவடைந்ததுமே சிறுநீர் ஒழுக்குக் குறைந்துவிட்டதை அவர் 1947ஆம் ஆண்டு விளக்கினார். அத்தனை நுட்பமான கருவி! நமது கிராணியார் கோபித்துக்கொள்ள மாட்டார் என்றால் ஒன்று சொல்லலாம்: எந்தப் பால் ஸ்டோரிலும் இவ்வளவு கூர்மையாக அளவு பார்ப்பதில்லை.

வெளிக்காட்டில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். இருட்டிலேயே எழுந்து, தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு நிரையில் இறங்குகிறோம். வைகறையில் ஏன் வெட்டுகிறோம்? வெயில் ஏறுமுன் மரம் தண்ணீரால் நிறைந்து விறைத்து நிற்கிறது. அப்போது வெட்டினால்தான் பால் நன்கு ஓடும். இலைகள் வெயிலில் நீரை ஆவியாக விடத் தொடங்கியதும் மரத்தின் விறைப்புத் தளர்ந்து பால் குறைகிறது. மரத்தின் கதை அது. மனிதனின் கதையும் அதற்கு நெடுந்தொலைவில் இல்லை. மங்கு மங்காகப் பாலெடுத்துக் காண்டா வாளியில் சுமந்து வரும்போது சட்டை பிழியப் பிழிய வியர்க்கிறது. வியர்வையில் உப்பு உண்டு. ஆனால் இரத்தத்தில் உள்ள விகிதத்தைவிடக் குறைவாகவே உண்டு. ஆகவே வியர்த்தால் உப்பைவிடத் தண்ணீரையே நாம் மிகுதியாக இழக்கிறோம். மிஞ்சிய இரத்தம் செறிவடைகிறது. மூளையின் கருவி இதனை உணர்ந்து இரண்டு கட்டளைகளைப் பிறப்பிக்கிறது: ஒன்று தாகம், மற்றொன்று வாசோபிரெசின்.

சுரப்புநீர் இரத்தத்தின் வழியே சேகரிப்புக் குழாயை அடைந்ததும், அக்குழாயின் உயிரணுக்களுக்குள் ஒதுங்கியிருந்த நீர்க்கதவுகள் சுவருக்கு வந்து பொருந்திக்கொள்கின்றன. அக்வாபோரின் என்று அவற்றுக்குப் பெயர். தண்ணீரை மட்டுமே விடும், உப்பைத் தடுத்துவிடும். இவ்வகைக் கதவு ஒன்று இருப்பதை 1992இல் அமெரிக்கர் பீட்டர் அக்ரே நிறுவினார். 2003ஆம் ஆண்டு நோபெல் பரிசும் பெற்றார். சிறுநீரகத்தில் இந்தச் சுரப்புநீருக்குக் கட்டுப்படும் கதவை 1993இல் ஜப்பானிய ஆய்வாளர் கண்டனர். கதவு திறந்தவுடன், வெளியே உப்பேறி நிற்கும் பகுதி குழாய்க்குள்ளிருக்கும் தண்ணீரை இழுத்துக்கொள்கிறது. வளைந்த பகுதியில் உப்பை இறைத்துச் சேர்த்து வைத்ததன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா? உப்பு அங்கே இல்லையேல், சுரப்புநீர் எத்தனை கதவு திறந்தாலும் தண்ணீர் திரும்பாது. நண்பகலில் வீடு திரும்பியதும் சிறுநீர் கொஞ்சமாக, மஞ்சளடித்து, காரமாகப் போவது இதனால்தான். அப்போது அது இரத்தத்தைவிட நான்கு மடங்கு வரை செறிவுள்ளதாக இருக்கலாம்.

வீட்டில் இரண்டு செம்பு தண்ணீர் குடித்தபின் இரத்தம் சற்று நீர்த்ததும் சுரப்பு நின்றுவிடுகிறது. இரத்தத்தில் இருக்கும் வாசோபிரெசினும் சில நிமிடங்களில் அழிந்து குறைகிறது. கதவுகள் உள்ளே ஒதுங்குகின்றன. மிஞ்சிய தண்ணீர் வெளிறிய சிறுநீராகப் போய்விடுகிறது. ஒருநாளில் பலமுறை நடக்கும் வேலை இது; நமக்குத் தெரிவதே இல்லை.

இனி உப்பின் பக்கம் பார்ப்போம். நெடுநாள் வரை, வாசோபிரெசின் தண்ணீரை மட்டுமே காப்பது, உப்பைக் காப்பது சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் சுரப்பி தரும் அல்டோஸ்டெரோன் என்று இரு இலாகாக்களாகப் பிரித்துச் சொல்லிவந்தார்கள். பெரும்பாலும் அது சரியே. ஆயினும் இலாகாக்களுக்கிடையே சுவர் அத்தனை உயரமில்லை. வளைந்த பகுதியில் உப்பை இறைக்கும் வேலையை வாசோபிரெசின் விரைவுபடுத்துவது விலங்குகளிடம் தெளிவாகக் காணப்பட்டது. சேகரிப்புக் குழாயில் சோடியம் நுழையும் வாயில்களையும் அது திறந்துவிடுகிறது. நலமுள்ள மனிதர்களுக்கு அதை ஒத்த மருந்தைச் சொட்டுச் சொட்டாகச் செலுத்திப் பார்த்த ஆய்வு ஒன்று 2005இல் வெளிவந்தது. சிறுநீர் குறைந்ததோடு, அதில் போகும் சோடியமும் குறைந்தது. ஆகவே முதல் சில மணி நேரத்தில் இந்தச் சுரப்புநீர் உப்பையும் ஓரளவு பிடித்து வைக்கிறது என்று கொள்ளலாம்.

அப்படியாயின் நமது மூதாட்டியார் கதை எதிராக அல்லவா இருக்கிறது? தண்ணீர் தங்கிவிட்ட பிற நோயாளிகளை ஆராய்ந்தவர்களும் இவ்வாறே திகைத்தார்கள். இரத்தத்தில் சோடியம் இறங்கிக்கொண்டிருக்கும். சிறுநீரகமோ அதைக் காப்பதற்குப் பதிலாகச் சிறுநீரில் வாரிவிட்டுக்கொண்டிருக்கும். வீட்டில் அரிசி குறைந்தபோது ஒருவன் அரிசியைத் தெருவில் கொட்டுவது போன்ற செயல்! சிறுநீரகம் பழுதா? அல்லது சுரப்புநீரே சோடியத்தை விரட்டுகிறதா?

இந்தப் புதிரை அவிழ்த்த சோதனையை அமெரிக்காவில் அலெக்சாண்டர் லீஃப், பார்ட்டர் முதலியோர் நடத்தி 1953இல் வெளியிட்டனர். அதனைச் சற்று நிதானமாகச் சொல்ல விரும்புகிறோம். ஏனெனில் நாம் படித்த சோதனைகளில் இவ்வளவு எளிமையும் இவ்வளவு தெளிவும் கூடியவை சிலவே. மனிதர்களுக்கு நாள்தோறும் இந்தச் சுரப்புநீர் ஊசியாகப் போடப்பட்டது. தண்ணீரும் தாராளமாகத் தரப்பட்டது. முதலில் சிறுநீர் குறைந்தது. தண்ணீர் உடம்பில் தங்கியது. உடல் எடை கூடியது. தங்கிய நீர் ஓர் அளவை எட்டியதும் சோடியம் சிறுநீரில் மிகுதியாகப் போகத் தொடங்கியது. இரத்தச் சோடியம் இறங்கியது. இதுவரை பார்த்தால் சுரப்புநீர்மேல் பழி வரும். ஆனால் அவர்கள் இன்னொன்றும் செய்தார்கள். அதே ஊசி, தண்ணீரை மட்டும் குறைத்துக் கொடுத்தார்கள். எடை கூடவில்லை. சோடியமும் போகவில்லை.

ஆக, சோடியத்தை விரட்டியது சுரப்புநீரன்று. அது பிடித்து வைத்த தண்ணீரே. தண்ணீர் மிகுந்து இரத்த ஓட்டத்தின் கொள்ளளவு பெருகும்போது, உடம்பு வேறொரு கணக்கைப் பார்க்கத் தொடங்குகிறது. குழாய்களில் நீர் நிரம்பி வழிகிறது, இதைக் குறைத்தாக வேண்டும் என்பது அக்கணக்கு. உப்பைக் காக்கும் அல்டோஸ்டெரோன் அடங்குகிறது. இதயத்தின் மேலறைகள் விரிந்து, உப்பை வெளியேற்றும் ஒரு சுரப்புநீரைத் தாமே விடுகின்றன. இதயமும் ஒரு சுரப்பி என்பதைக் கனடாவைச் சேர்ந்த டி போல்ட் 1981இல் காட்டிய பிறகே உலகம் அறிந்தது. நீர்க்கதவுகள் திறந்தபடியே இருப்பதால் தனித் தண்ணீரை வெளியேற்ற வழியில்லை. உப்போடு சேர்த்துத்தான் போக்க முடியும். சிறுநீரகம் அந்த வழியையே மேற்கொள்கிறது. வெள்ளம் அடங்குகிறது, விகிதமோ மேலும் கெடுகிறது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1957இல், ஷ்வார்ட்ஸ், பார்ட்டர் முதலியோர் நுரையீரல் புற்றுநோய் கொண்ட இருவரை விவரித்தார்கள். யாரும் ஊசி போடவில்லை. எனினும் ஊசி போட்டவர்களிடம் கண்டது அத்தனையும் அவர்களிடம் இருந்தது. அவர்கள் உடம்பில் காரணமின்றி அச்சுரப்புநீர் ஓயாமல் சுரக்கிறது என்று அறிஞர்கள் ஊகித்தார்கள். ஊகம் பின்னர் மெய்யாயிற்று. தண்ணீரைக் குறைத்தபோது சோடியம் ஏறியது. இன்றும் அந்நோய்க்கு முதல் மருத்துவம் தண்ணீர்க் கட்டுப்பாடே. சில புற்றுகள், நுரையீரல் அழற்சி, மூளை நோய்கள், மனச்சோர்வுக்கும் வலிப்புக்கும் கொடுக்கும் சில மாத்திரைகள் ஆகியவற்றால் இது வரலாம்.

நமது மூதாட்டியாருக்கோ புற்றுமில்லை, மூளை நோயுமில்லை. விசாரித்தபோது மூன்று சங்கதிகள் வெளிவந்தன. இரத்த அழுத்தத்துக்காக அவர் சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை ஒன்றை உட்கொண்டு வந்தார். தையசைடு என்னும் வகை. நல்ல மருந்து, மலிவானது, எண்ணற்றவரைப் பக்கவாதத்திலிருந்து காத்திருக்கிறது. ஆயினும் முதியவர்களில் சிலருக்கு, நீர்த்த சிறுநீரை உண்டாக்கும் திறனை அது குறைத்துவிடும். உப்பும் சிறிது கசியும். இரண்டாவது, பல் இல்லாமையால் சோறு கறியை விட்டு வெறுங்கஞ்சியில் காலம் தள்ளினார். சிறுநீரகம் தண்ணீரை வெளியேற்ற வேண்டுமென்றால், உண்ட உணவின் உப்பும் புரதக் கழிவும் சிறிதளவேனும் அதோடு போக வேண்டும். வெறுந்தண்ணீராக விட அதற்கு இயலாது. மூன்றாவதுதான் நம்மை வருத்தியது. தண்ணீர் குடித்தால் கிட்னி சுத்தமாகும் என்று யாரோ நல்ல மனத்தோடு சொல்ல, அம்மையார் தாகமில்லாத போதும் விடாமல் காய்ச்சிய தண்ணீரைக் குடித்துவந்தார். நாளைக்கு ஐந்தாறு லிட்டர்! மங்கில் மழை நிறைந்துவிட்டது.

அவர் மட்டுமல்லர், கட்டுடல் படைத்தவர்களுக்கும் இது நேரும். 2002ஆம் ஆண்டு அமெரிக்காவின் போஸ்டன் நகரில் நடந்த மாரத்தான் ஓட்டத்தில் 488 பேரின் இரத்தம் சோதிக்கப்பட்டது. நூற்றுக்குப் 13 பேருக்குச் சோடியம் தாழ்ந்திருந்தது. ஓடியபின் எடை குறைந்திருக்க வேண்டியவர்கள், எடை கூடி வந்தவர்கள், அவர்களிடமே இது மிகுதியாகக் காணப்பட்டது. உடலுழைப்பும், வலியும், குமட்டலும் சுரப்புநீரை மிகுவிக்கும். அந்நேரத்தில் அளவுமீறிக் குடித்த தண்ணீர் வெளியேற வழியின்றித் தங்கிவிடுகிறது.

இதைக் கேட்டுவிட்டு, “தண்ணீர் குடிக்க வேண்டாம் என்று கூட்டத்திலே சொன்னார்கள்” என்று லயத்தில் போய்ச் சொல்லிவிடாதீர்கள்! வெயிலில் உழைப்பவர்களுக்குத் தண்ணீர்க் குறைவே பெரிய ஆபத்து. மிகுதி என்பது அரிது. மத்திய அமெரிக்காவில், எல் சல்வடோர், நிகரகுவா நாடுகளின் கரும்புத் தோட்டங்களில், சர்க்கரை நோயோ இரத்த அழுத்தமோ இல்லாத இளந்தொழிலாளர் பலர் சிறுநீரகம் செயலிழந்து மடிந்திருக்கிறார்கள். நாள்தோறும் வெயிலில் வற்றி வற்றி உழைத்தது அதற்கு ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆகவே காட்டுக்குப் போகும்போது தண்ணீர்ப் போத்தல் இல்லாமல் போகலாகாது. வெக்கை மிகுந்த வேலையின்போது, கால் மணிக்கு அல்லது இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு குவளை, ஏறத்தாழ கால் லிட்டர், குடித்துவரலாம். மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்ட வேண்டா. காலை முழுதும் வாயை நனைக்காமல் இருந்துவிட்டு, வீட்டுக்கு வந்து ஒரே மூச்சில் இரண்டு லிட்டரை ஊற்றிக்கொள்வது நன்றன்று. இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் தங்கள் மருத்துவர் சொன்ன அளவையே பின்பற்ற வேண்டும்.

உப்பு மாத்திரை விழுங்கலாமா என்று பெரியவர் ஒருவர் முன்பே நம்மைக் கேட்டார். பசியாறும்போது இட்ட உப்பும், பகல் சாப்பாட்டில் உள்ள உப்பும் நமக்குப் போதும். வெக்கையில் பழகிய உடம்பு வியர்வையில் உப்பைக் குறைத்தே விடுகிறது; புதிதாக வேலைக்கு வந்தவருக்குத்தான் முதல் ஓரிரு வாரம் கூடுதலாகப் போகும். நீராகாரமும் மோரும் நம் பாட்டன் காலத்திலிருந்தே தண்ணீரும் உப்பும் சேர்த்துத் தந்தவை. அவற்றை விட்டுவிட்டுச் சீனித் தண்ணீர்க் குப்பிகளுக்கு ஏன் ஓடுகிறோம் என்பது நமக்குப் புரியவில்லை. மற்றபடி உப்பு நம்மிடம் குறைவில்லை. 2017, 2018ஆம் ஆண்டுகளில் மலேசியாவில் எடுத்த கணக்கின்படி ஒருவர் நாளொன்றுக்குச் சராசரி 7.9 கிராம் உப்பு உண்கிறார். உலகச் சுகாதார நிறுவனம் விதித்த வரம்பு 5 கிராமுக்கும் கீழ்.

மதுவைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். தோட்டந்தோறும் கள்ளுக்கடை இருந்த காலத்தை முதியவர்கள் அறிவார்கள். கள்ளோ, பீரோ, சம்சுவோ, எதுவாயினும் அதிலுள்ள சாராயம் வாசோபிரெசின் சுரப்பைத் தடுத்துவிடுகிறது. கதவுகள் மூடிக்கொள்கின்றன. குடித்தவர் குடித்ததற்கும் மேலாகச் சிறுநீர் கழித்துவிட்டு, விடியலில் நாக்கு வறண்டு, தலை பிளக்க எழுகிறார். அந்த நிலையிலேயே உளியை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போகிறவர், ஏற்கெனவே வற்றிய உடம்போடு வெயிலைச் சந்திக்கிறார். கள் தாகத்துக்கு நல்லது என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும்.

இச்சுரப்புநீர் அறவே சுரக்காமல் போவதும் உண்டு. சிறுநீரகம் அதற்குச் செவிசாய்க்காமல் போவதும் உண்டு. அவர்கள் நாளுக்குப் பத்து லிட்டருக்கு மேலும் சிறுநீர் கழிப்பார்கள். சர்க்கரை நோயோடு பெயர்க் குழப்பம் நேர்ந்ததால், 2022இல் உலக மருத்துவர்கள் சுரப்புநீர் சுரக்காத முதல் வகைக்கு வாசோபிரெசின் குறைபாடு என்று பெயர் மாற்றப் பரிந்துரைத்தார்கள். மிக அரிய நோய். ஆயினும் ஓயாத தாகமும் ஓயாத சிறுநீரும் இருந்து, சர்க்கரையும் இல்லை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மூதாட்டியாரின் கதையை முடித்துவிடுவோம். மாத்திரை நிறுத்தப்பட்டது, தண்ணீர் அளந்து கொடுக்கப்பட்டது, கஞ்சிக்குப் பதில் மீனும் முட்டையும் மசித்துக் கொடுத்தார்கள். இரண்டாம் நாளும் தெளிவு முழுமையாக வராதது கண்டு பேரன் பொறுமையிழந்தார். “ஒரே நாள்ல ஊசி போட்டு ஏத்திவிடக் கூடாதுங்களா? ஏன் இப்படி மெத்தனமா இருக்காங்க?” என்று நம்மிடம் சினந்தார். மெத்தனமன்று. சோடியம் மெல்ல இறங்கும்போது மூளையின் உயிரணுக்கள் அந்த நீர்த்த நிலைக்குத் தம்மைப் பழக்கிக்கொள்கின்றன. அதை ஒரேயடியாக உயர்த்தினால் அவை சுருங்கி, மூளையின் நடுத்தண்டில் நரம்புகளின் உறை சிதையும். கைகால் விழுந்து, பேச்சும் போய்விடும். ஆகையால்தான் இருபத்துநான்கு மணி நேரத்தில் எட்டு, மிஞ்சினால் பத்து எண்களுக்கு மேல் உயராதபடி சில மணிக்கொருமுறை இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். வலிப்புக் கண்டவருக்கு மட்டும் முதலில் சில எண்கள் விரைந்து ஏற்றுவர். அதுவும் மருத்துவமனையில், மருத்துவர் கண்முன் மட்டுமே. இதை விளக்கியபின் பேரன் அமைதியானார்.

உங்கள் வீட்டிலும் முதியவர்கள் அழுத்த மாத்திரை சாப்பிடுகிறார்கள். அவர்களுக்குத் தலைவலி, குமட்டல், காரணமற்ற தடுமாற்றம், அடிக்கடி விழுதல், பேச்சில் குழப்பம் கண்டால் சடங்குக்கு முன் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மாத்திரைப் பொட்டலங்கள் அனைத்தையும் கையோடு கொண்டுபோங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடவும் வேண்டா. அரசாங்கக் கிளினிக்கில் எடுக்கும் வழக்கமான புவா பிங்காங் இரத்தச் சோதனையிலேயே சோடியம் எண்ணும் வந்துவிடும். அது எத்தனை என்று கேட்டறிய உங்களுக்கு உரிமை உண்டு.

ஐந்தாம் நாள் காலையில் அம்மையார் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். எண் 133. நம்மைக் கண்டதும், “ஏன் தம்பி, இத்தனை வருசம் காட்டிலே தண்ணி தண்ணின்னு தவிச்சேன். இப்போ அந்தத் தண்ணியே எனக்கு ஆகாம போச்சா?” என்றார். ஆகாது என்பதில்லை அம்மா, தாகம் எடுத்தால் குடியுங்கள், தாகமில்லாதபோது பிறர் சொன்னதற்காகக் குடிக்காதீர்கள் என்றோம். அழுத்தத்துக்கு வேறு வகை மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். வீட்டில் அவருக்கென்று முக்கால் லிட்டர் குடுவை ஒன்றைப் பேரன் வாங்கி வைத்தார். ஒரு திங்கள் கழித்து எடுத்த சோதனையில் எண் 137 என்று வந்தது.